நிற்றல் என்னும் வினை

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை வகுப்பில் நடத்தும்போது, செங்கீரைக்கு வந்ததும் மாணவரிடையே ஒரு சிரிப்பு எழும். கீரைக்கும் குழந்தைக்கும் என்ன உறவு என்று யாரேனும் ஒருவர் கேட்பார். 'கீர்' என்பது சொல். குழந்தை மழலை பேசத் தொடங்கும் பருவம் இது என்று ஒரு சாரார் பொருள் கூறுவர். காற்றில் கீரைத்தண்டு அசைவதுபோலக் குழந்தை அசைந்தாடும் பருவம் என்று மற்றொரு சாரார் கூறுவர். சொற்பொருள் எதுவாயினும் செயல் ஒன்றுதான். ஐந்தாம் மாதத்தில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டித் தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுகிறது. தேர்வில் இவ்வளவு எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடும்.

அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் எத்துணைப் பெரிய வேலை நடக்கிறது என்பது எங்கள் மகன் பிறந்த பிறகே எங்களுக்கு விளங்கியது. (நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம், இதில் எதுவும் ஒருவர் தனியே செய்ததன்று என்பதே. எங்களுள் ஒருவர் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். மற்றவர் கணக்கெழுதும் பணியில் இருப்பவர். வசிப்பது கீழ்புத்துப்பட்டில்.)

உடல் நிமிர்வதன் படிகளாகவே அப்பருவங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். செங்கீரையில் தலையும் தோளும் நிலைகொள்கின்றன. சப்பாணியில் குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. கைகளை ஊன்றாமல் உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கொட்டுவதற்குக் கைகள் ஓய்வாக இருக்கும். வருகையில் தளர்நடை. அம்புலியில் இடுப்பிலிருந்தபடியே நிலவைச் சுட்டிக்காட்டும் விரல். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டுவதில் முடிகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழ் ஊசலாடுவதில் முடிகிறது. ஊஞ்சற்பலகையில் கயிற்றைப் பிடித்தபடி, முன்னும் பின்னும் போய்வரும் உடலை நடுவே நிறுத்தி வைப்பதற்கு முந்தைய பருவங்கள் அத்தனையும் கைகூடியிருக்க வேண்டும்.

இதனால் குமரகுருபரருக்கு நரம்பியல் தெரிந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் கட்டுரைகள் நம் மொழியில் வேண்டிய அளவு உள்ளன. குழந்தையை அருகிலிருந்து பார்த்தவர்கள் பாடியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் இலக்கண நூல்கள் சொல்லாத ஒன்றை நாங்கள் கவனித்தோம். பிள்ளைத்தமிழில் வரும் குழந்தை கடவுள், அல்லது அரசர், அல்லது ஆசாரியர். அந்தந்த மாதத்தில் அந்தந்தச் செயலைச் செய்துவிடும் குழந்தை. வருகைப் பருவத்தில் புலவர் பத்துப் பாட்டாலும் வருந்தி அழைக்கிறார். அது வந்துவிடும் என்பதில் அவருக்கோ நமக்கோ ஐயமில்லை. வராத குழந்தைக்கு எவரும் பிள்ளைத்தமிழ் பாடியதில்லை.

எங்கள் மகன் ஐந்தாம் மாதத்தில் தலை நிமிரவில்லை. எட்டாம் மாதத்திலும் கைகளைப் பிடித்து உட்கார வைக்க இழுத்தால் தலை பின்னால் தொங்கும். இருபதாம் மாதத்தில் நடந்தான், குதிகால் தரையில் படாமல். அம்புலிப் பருவம் வராமலே போயிற்று. நிலவைக் காட்டினால் காட்டும் விரலைப் பார்ப்பான், நிலவைப் பாரான். மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சைப் பற்றியும் கண்ணோடு கண் பார்க்காமை பற்றியும் மருத்துவர் நெடுநேரம் விளக்கினார். அடிக்கடி விழுகிறானே என்று கேட்டோம். அது வேறு, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்.

அது வேறன்று என்று இப்போது தோன்றுகிறது. ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதிய லியோ கானர், 1943-இல் வெளிவந்த தம் கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுட் சிலருடைய நடையில் தடுமாற்றம் இருந்ததைக் குறிக்கிறார். அதனினும் முக்கியமான ஒன்றும் அதில் உண்டு. தூக்குவதற்காகத் தாய் கைநீட்டும்போது குழந்தைகள் பொதுவாகத் தோளை உயர்த்தி உடலை இறுக்கித் தயாராகும்; இந்தக் குழந்தைகள் அவ்வாறு தயாராகவில்லை என்று ஏறத்தாழ எல்லாத் தாய்மாரும் வியப்போடு நினைவுகூர்ந்தனராம். கானர் இதனை உறவின் குறையாகவே படித்தார். உடலின் குறையாகவும் படித்திருக்கலாம். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியபோதும் உடலசைவின் ஒழுங்கின்மை அதில் இடம்பெற்றது. ஆயினும் பின்வந்த பல பத்தாண்டுகளில் பேச்சும் பழக்கமுமே ஆட்டிசமாக எண்ணப்பட்டன, கால்கள் மறக்கப்பட்டன. 2013-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவ வரையறையிலும் உடற்சமநிலை ஓர் அடையாள விதியாக இல்லை. உடன் காணப்படுவனவற்றுள் ஒன்றாக மட்டுமே இருக்கிறது.

2012-இல் பால்ட்டிமோர் நகரின் கென்னடி க்ரீகர் நிறுவனத்தைச் சேர்ந்த ரெபெக்கா லாண்டாவின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி தங்கையரை ஆறாம் மாதத்தில் கைபிடித்து மெல்ல எழுப்பிப் பார்த்தார்கள். தலை பின்தொங்கிய குழந்தைகளுள் எல்லாருக்கும் பிற்காலத்தில் ஆட்டிசம் வரவில்லை. ஆனால் பிற்காலத்தில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு ஆறாம் மாதத்தில் தலை பின்தொங்கியிருந்தது. அதைப் படித்த இரவில் செங்கீரைப் பாடக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இங்கே சொல் குறித்து ஒரு வார்த்தை. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்றொரு சொற்றொடர் வழங்குகிறது. இதை உருவாக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் எங்கள் மகனுக்குப் புறவுலகச் சிந்தனை இல்லையென்பதை எப்படி ஒப்புவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரையுள்ள நிறுத்தங்களை அவன் வரிசை தவறாமல் சொல்வான். எந்தப் பேருந்துக்கு எந்த ஒலிப்பான் என்பதும் தெரியும். அவனுக்குப் புறவுலகம் குறைவாக வருவதில்லை, கட்டுக்கடங்காமல் வருகிறது. சிந்தனையற்றவன் என்று சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்வதைவிட ஆட்டிசம் என்னும் கடன்சொல்லே எங்களுக்கு உவப்பானது. தமிழாசிரியர் வீட்டில் இப்படியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

நிற்பது எப்படி நடக்கிறது? நின்றுகொண்டிருக்கும் மனிதர் எவரும் அசையாமல் நிற்பதில்லை. கணந்தோறும் சிறிது சாய்கிறோம், கணந்தோறும் திருத்திக்கொள்கிறோம். திருத்துவதற்கு மூளைக்கு மூன்று வழியாகச் செய்தி வருகிறது. கண் ஒன்று. உட்செவி இன்னொன்று: ஒவ்வொரு செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதைக் காட்டுகின்றன, சுண்ணாம்புச் சத்தாலான நுண்படிகங்களைத் தாங்கிய இரு பைகள் தலை சாய்வதைக் காட்டுகின்றன. மூன்றாவது, உள்ளங்காலின் தொடுஉணர்வும், கணுக்கால் முழங்கால் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தியும். இம்மூன்றையும் கலந்து, எதை எப்போது நம்புவது என்று மூளை முடிவு செய்கிறது. சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம், விழுகிறோமா? உள்ளங்காலும் செவியும் பார்த்துக்கொள்கின்றன. எங்கள் மகன் விழுவான். கண்ணை மூடினால் அவனுக்குத் தரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் எழுப்பிய கூச்சல் சீயக்காய் எரிச்சலால் அன்று என்பது அண்டை வீட்டாருக்கு இன்றும் தெரியாது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து நான்சி மின்ஷியூவும் உடன்பணியாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. அறிவுத்திறன் குறைபாடில்லாத ஆட்டிசமுடையோர் 79 பேரையும், ஆட்டிசமில்லாத 61 பேரையும் ஒரு மேடையில் நிற்க வைத்தார்கள். வயது 5 முதல் 52 வரை. உடல் சாய்வதற்கேற்ப மேடையும் சாய்ந்து, காலிலிருந்து வரும் செய்தியைப் பொய்யாக்கும்படி அமைந்த கருவி அது. ஆட்டிசமுடையோர்க்கு நிலைகொள்ளும் திறன் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிற்குப் பிறகே வளரத் தொடங்கியது. பெரியவர்களுக்குரிய அளவை அது எட்டவே இல்லை. காலின் செய்தி பொய்யானபோது தடுமாற்றம் மிகுந்தது. போகப்போகச் சரியாகிவிடும் என்பதற்கு இதுதான் விடை. போகப்போகச் சிறிது சரியாகும், முழுதும் ஆகாது.

இன்னொரு செய்தி, கானரின் தாய்மார் சொன்னதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. நின்றபடி கையை முன்னே நீட்டும்போது, கைத்தசை இயங்குவதற்கு முன்பே காலின் தசைகள் இறுகிவிடுகின்றன என்று 1967-இல் சோவியத் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வரப்போகும் சாய்வை உடல் முன்னரே அறிந்து முட்டுக்கொடுக்கிறது. 2003-இல் பிரான்சில் ஒரு சோதனை செய்தார்கள். குழந்தையின் ஒரு முன்கையில் எடையை வைத்து, மறுகையால் அதை எடுக்கச் செய்தார்கள். ஏனைய குழந்தைகளுக்கு எடை நீங்கினாலும் முன்கை மேலே துள்ளவில்லை. நீங்கப்போவதை அது அறிந்திருந்தது. ஆட்டிசமுள்ள குழந்தைகளும் கையை நிலையாகவே வைத்திருந்தார்கள், ஆனால் வேறொரு வழியில்: எடையை மிக மெதுவாக எடுத்தார்கள். முன்னறிந்து செய்ய இயலாததை, நடக்க நடக்கப் பார்த்துத் திருத்திச் செய்தார்கள். எங்கள் மகன் படியிறங்கும்போது ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த தெளிவான விளக்கம் இதுதான். அது சோம்பலன்று, பிடிவாதமுமன்று. ஒவ்வொரு படியையும் அவன் புதிதாகக் கணக்குப் போடுகிறான்.

உள்ளிருந்து இதைச் சொன்னவர் டிட்டோ முகோபாத்யாய. கர்நாடகத்தில் வளர்ந்தவர், பேச்சு மிக அரிது, தாய் சோமா எழுதக் கற்பித்தார். எட்டு வயதிற்கும் பதினொன்றிற்கும் இடையில் அவர் எழுதியவை 2000-இல் 'பியாண்ட் தி சைலன்ஸ்' என்னும் நூலாக இங்கிலாந்தில் வெளிவந்தன. தன் உடல் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதாக அவர் உணர்ந்தார். சுழன்றால் அது ஒன்றுசேர்ந்தது. நம் பிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவது தலைசுற்றி விழும் இன்பத்திற்காக. அந்தச் சிறுவன் சுற்றியது தன் கைகால்கள் இருக்கின்றனவா என்று அறிந்துகொள்ள. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் 'சுத்தாதே' என்ற சொல் நின்றுபோயிற்று.

பள்ளியில் அது நிற்கவில்லை. நாங்கள் முதலில் சேர்த்த தனியார் பள்ளி ஒன்று (பெயர் வேண்டா) மூன்றே மாதத்தில் அவனைத் திருப்பி அனுப்பியது. எழுத்து வரவில்லை என்பதன்று காரணம். அசையாமல் உட்காரவில்லை என்பதே. நாற்காலியில் ஒரு காலை மடித்து வைத்து ஆடுகிறான், சுவரில் சாய்கிறான், வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளையின் தோளைப் பிடிக்கிறான். நிற்பதே கடும் உழைப்பாக உள்ள பிள்ளை, சாய்ந்தும் ஆடியும் பிடித்தும்தான் தன்னை நிறுத்திக்கொள்வான். அவற்றை விலக்கிவிட்டால் அவன் கவனம் முழுவதும் விழாமல் இருப்பதிலேயே செலவாகும். 'அ'வுக்கு என்ன மிஞ்சும்? அவனுக்கு ஒழுக்கம் இல்லை என்று அந்த அம்மையார் சொன்னார். இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறான். சுவரோரத்தில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், சாய்ந்துகொள்கிறான்.

1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-இன் சட்டம் வகுத்த 21 வகைகளுள் ஒன்றாயிற்று. சான்றிதழும் அட்டையும் கிடைத்தன. அட்டைக்குப் பின் என்ன செய்வது என்று எவரும் சொல்லாததால் நாங்களே அலைந்தோம். நகரத்து மையம் ஒன்று ஆறே மாதத்தில் 'நார்மல்' ஆக்கித் தருவதாகக் கூறி, ஊஞ்சல் வகைகளுக்கும் ஆடுபலகைக்குமாக நீண்டதொரு விலைப்பட்டியல் தந்தது. பின்னர் இதே சாலையில் வடக்கே, முட்டுக்காட்டில் நடுவண் அரசு 2005-இல் நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்திற்குப் போனோம். அதன்பின் எங்கள் பக்கத்திலேயே இயன்முறை மருத்துவர் ஒருவர் வாய்த்தார், இளம்பெண். அவர் எந்தப் பட்டியலும் தரவில்லை. "இவன் எப்ப சந்தோஷமா இருப்பான்னு சொல்லுங்கம்மா, அதுலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஊஞ்சலில் இருப்பான், பேருந்தில் இருப்பான், தாத்தாவோடு இருப்பான் என்றோம்.

தாத்தா நாற்பதாண்டு மரக்காணத்து உப்பளத்தில் உழைத்தவர். பேரனுடைய கால்களை அவர் பார்த்த விதமே வேறு. "ஏம்மா, புள்ள தரைய நம்பலம்மா. அதான் குதிகால வைக்க மாட்டேங்குது" என்று மகளிடம் ஒருநாள் சொன்னார். உப்பளத்தில் பருவத் தொடக்கத்தில், உப்பு வாருவதற்கு வெகுமுன், பாத்தி மிதித்தல் என்றொரு வேலை உண்டு. நீர் கசியாதபடியும் உப்போடு மண் கலவாதபடியும் பாத்தியின் களித்தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். குதிகாலால் அழுத்தி, பாதம் முழுதும் பதித்து, பக்கம் பக்கமாக அடியெடுத்து வைத்து மிதிப்பார்கள். பிறகு பாத்திகளுக்கு இடையேயுள்ள வரப்பில், ஓரடி அகலம்கூட இல்லாத வழுக்கும் மண்ணில், தலைச்சுமையோடு நடக்க வேண்டும். சமநிலைப் பயிற்சி என்று எவரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. விழுந்தால் அன்றைய கூலி போயிற்று. உப்பள வாழ்க்கையை அழகுபடுத்தி எழுத எங்களுக்கு மனமில்லை. அந்த வெண்மையின் கூச்சம் பெரியவரின் கண்களை வாங்கிவிட்டது. மகளை அந்தப் பாத்தியில் கால்வைக்க விடாமல் படிக்க வைத்ததே தம் வாழ்க்கையின் வெற்றி என்று அவர் எண்ணுகிறார். அதே பாத்திக்குப் பேரனை அவரே கைபிடித்து அழைத்துப்போனார்.

உறவினர் ஒருவரின் பாத்தியில், தை மாதத்து விடியற்காலையில், அவன் முதன்முதல் களியில் இறங்கினான். முதலில் அலறல். கால் புதைந்ததும் அலறல் நின்றது. களி இளகிக் கொடுப்பதால் நுனிக்காலில் நிற்க இயலாது. குதிகால் தானே இறங்கும். பாதத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் அழுத்தும். ஏறத்தாழ அரைமணி நேரம் தாத்தாவின் இடுப்புத்துணியைப் பிடித்தபடி மிதித்தான். வீடு திரும்பிச் சிமெண்ட் தரையில் நடந்தபோது, ஒரு பகற்பொழுது முழுதும் அவன் குதிகால் தரையில் பட்டது. மறுநாள் பழையபடி நுனிக்கால்.

மருத்துவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. அழுத்தம் அவனுக்குப் பிடித்திருக்கிறது, நல்லது. ஆனால் இளகும் தரையில் நிற்பது கடினமான பாடம், அதை இறுதியில் வைத்துக்கொள்வோம் என்று ஓர் ஒழுங்கு அமைத்துத் தந்தார். காலையில் இருபது நிமிடம். முதலில் சுருட்டிய பாயின்மேல் இருபுறமும் காலிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் வைத்த பொருளை எட்டி எடுத்தல். அது வசப்பட்டதும் மண்டியிட்டு, பிறகு ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி, அதையே செய்தல். ஊஞ்சலில் முன்னும் பின்னுமாக மெல்ல. சுற்றுவது அவன் விருப்பப்படி, நிறுத்துவதும் அவன் விருப்பப்படி. மணலில் கிடத்திய சவுக்குக் கழியை ஒட்டி நடத்தல், பிறகு கழியின்மேலேயே நடத்தல். எங்கள் கடற்கரையில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. மாலையில் அய்யனார் கோயில் காட்டில் வெறுங்காலோடு நடை. மஞ்சனீஸ்வரர் அய்யனாரின் அந்தக் காடு இக்கடற்கரையில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் ஒரு துண்டு. தாவரவியலார் வந்து பட்டியல் எடுக்கும் இடம். அவனுக்கு அது வேர்கள் புடைத்த மணல்தரை. ஓர் அடி போல மறு அடி இராது.

ஒற்றைக்காலில் நிற்பதுதான் எளிதில் வரவில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஏறத்தாழப் பத்து நொடி நிற்கும். எட்டு வயதில் எங்கள் மகனால் ஒரு நொடி இயலவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் பதறுவான். ஒருநாள் அவனே வேறொரு கணக்கைத் தொடங்கினான். காலைத் தூக்கியதும் 'கோட்டக்குப்பம்' என்றான், கால் விழுந்தது. மீண்டும் தூக்கி 'கோட்டக்குப்பம், காலாப்பட்டு'. அன்றுமுதல் எங்கள் வீட்டில் சமநிலையின் அலகு நொடியன்று, பேருந்து நிறுத்தம். கோட்டக்குப்பம், காலாப்பட்டு, கனகசெட்டிகுளம், புத்துப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம். எட்டு மாதத்தில் கனகசெட்டிகுளம் வரை வந்தான். சொந்த ஊரைத் தொட்ட நாளில் தானே இறங்கிக்கொண்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டான். ஊர் வந்துவிட்டதல்லவா, அதற்குமேல் எதற்கு நிற்பது என்று நினைத்திருக்கலாம்.

அந்த நிறுத்தக் கணக்குக்கு நிகரான ஒன்றை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரிட்டனி ட்ராவர்ஸ் குழுவினர் கணினி விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். யோகம், தாய்ச்சி ஆகியவற்றிலிருந்து எடுத்த நிலைகளில் பிள்ளை நிற்க வேண்டும். நிற்பது எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதைத் திரை அப்போதைக்கப்போது காட்டும். 7 முதல் 17 வயது வரையுள்ள 29 பேர், ஆறு வாரம். 2018-இல் முடிவுகள் வெளியாயின. விளையாட்டில் முன்னேறியவர்களுக்கு, அதற்கு வெளியே நிற்கும்போதும் தள்ளாட்டம் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்தும் இருந்தது. அறிவுத்திறன் அளவு எதையும் தடுக்கவில்லை. தொடக்கத்திலேயே ஓரளவு நன்றாக நின்றவர்களும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பு குறைவாக உள்ளவர்களும் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். எங்கள் மகன் இவ்விரண்டிலும் மறுபக்கத்தவன். இத்தகையவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். நிற்கப் பழகினால் நிற்க வரும் என்று அவை காட்டுகின்றன. நிற்க வந்ததால் பேச்சு வரும், நட்பு வரும் என்று உறுதி சொல்ல அவற்றால் இயலாது. விற்பவர்கள் சொல்கிறார்கள். பெற்றோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சொல்கிறோம். பேச்சு கூடவில்லை. கண்ணோடு கண் பார்ப்பது கூடவில்லை. அதை நாங்கள் கேட்பதையும் விட்டுவிட்டோம். பேருந்தில் ஒருகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறுகிறான். கழிப்பறையில் துணையின்றி உட்கார்கிறான். இந்த ஒன்றின் பெருமையைச் சொன்னால் சிலருக்குத்தான் புரியும். சிறுபையன்கள் பாண்டி ஆடும்போது விளிம்பில் நின்று ஒரு கட்டம் நொண்டிவிட்டு ஓடிவருகிறான். தலைக்கு ஊற்றும்போது கிணற்றுச் சுவரை இருகையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடுகிறான். நுனிக்கால் நடை பாதியளவு இருக்கிறது, இருக்கட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு நேராக நடக்க வேண்டும் என்பதற்காக அவன் இருபது நிமிடம் உழைக்கவில்லை. விழும் அச்சம் குறைய வேண்டும், அவ்வளவே.

அச்சம் குறைந்தது. அவனுக்கு.

சென்ற ஐப்பசியில், கால் உறுதியான பிள்ளை, திண்ணை விளிம்பில் ஒற்றைக்காலை ஊன்றி எட்டி, வெளிக்கதவின் மேல்தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கடலுக்குப் போனான். ஒன்றரை ஆண்டுக்கு முன் அவனால் அந்தத் திண்ணையில் ஏறவும் இயலாது. நாற்பது நிமிடம் தேடினோம். ஆட்டிசமுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதிற்குமேல் ஒருமுறையேனும் இவ்வாறு சொல்லாமல் வெளியேற முயன்றதாக அமெரிக்கப் பெற்றோரிடையே நடத்திய ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. சாலை வண்டிகளும் நீருமே அவர்களுக்குப் பெரிய ஆபத்து. இவையெல்லாம் பிறகு படித்தவை. அந்த நாற்பது நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கே சாலை, கிழக்கே கடல் என்பதே.

மீன் விற்கும் அம்மா ஒருவர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணுக்கால் அளவு நீரில் நின்றிருந்தான். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்து இழுத்துச் செல்லுமே, பெரியவர்களும் தள்ளாடும் அந்த இடத்தில், இருகாலும் ஊன்றி, குதிகால் புதைய, விழாமல் நின்றிருந்தான். "நான் கூப்ட்டேன், வரல. பத்தரமா நின்னுகினு இருந்திச்சி, சரின்னு பக்கத்துலயே நின்னுட்டேம்மா" என்றார். அவருக்கு நன்றி சொல்லவும் அப்போது எங்களுக்கு வாயெழவில்லை. மறுநாள் போய்ச் சொன்னோம்.

பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று அன்றிரவு பேசினோம். எங்களுள் ஒருவர் நிறுத்தலாம் என்றார். யார் என்று எழுதப்போவதில்லை. மறுவாரம் மற்றவர் அதையே சொன்னார். பெரியவர்தான் குறுக்கே நின்றார். "நடக்கத் தெரியாத புள்ளையா இருந்தா வூட்லயே இருக்கும்னு நெனைக்கிறீங்களா? இப்ப தெரிஞ்சிகிச்சி. இனிமே தண்ணிய தெரிஞ்சிக்கட்டும்" என்றார். மருத்துவரைக் கேட்டோம். நீச்சல் தெரிந்தால் ஆபத்து போய்விடும் என்று நினைக்காதீர்கள், கதவையும் பாருங்கள், ஊராருக்கும் சொல்லி வையுங்கள் என்றார். சொல்லி வைத்திருக்கிறோம். முடிதிருத்தகம், தேநீர்க்கடை, மீனவர் குப்பம், கோயில் வாயிலில் பூக்கட்டுபவர், எல்லாருக்கும் அவனைத் தெரியும். கூப்பிட்டால் வரமாட்டான், கையைப் பிடித்து இழுக்க வேண்டா, பேருந்து நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே நடந்தால் பின்னால் வருவான் என்பதும் தெரியும்.

தாழ்ப்பாளை இன்னும் ஒன்றரை அடி மேலே மாற்றிவிட்டோம். வளரும் பிள்ளை, அடுத்த ஆண்டு அதுவும் எட்டிவிடும். அதற்குள் நீரில் மிதக்கப் பழக்கிவிட வேண்டும் என்று மூன்று இடங்களில் கேட்டோம். இரண்டு இடங்களில் இத்தகைய பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பயிற்சியாளர், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் தனியாக வாருங்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். தாத்தாவும் உடன் இறங்க வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை. எழுபத்திரண்டு வயதில் பெரியவருக்கு நீச்சல் உடை ஒன்று வாங்கியிருக்கிறோம். அதை அணிவதில்லை, வேட்டியோடுதான் இறங்குவேன் என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. வரும் திங்கட்கிழமை முதல் வகுப்பு.